மைதானத்தில் ஒரு கூடம்

"வீட்ல இது ஓடுமா, மேடம்?"

திருச்சி நாய்க் கண்காட்சியில் அந்த நடுவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. உனக்கும் நினைவிருக்கும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு வளையத்துக்குள் நின்றிருந்தவன் நீதான். "யார் வளர்க்கறது?" என்று அவர் உன்னைக் கேட்டார். நீ கையை நீட்டி என்னைக் காட்டினாய். வேலிக் கயிறு வரைக்கும் நடந்துவந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே மெதுவாகத்தான் கேட்டார். அதட்டலும் இல்லை, கேலியும் இல்லை. நான் சொன்ன பதில்: "நல்லா நிக்கும் சார்." அவர் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போய்விட்டார். உன் காது சிவந்தது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் ஆய்வு நாளுக்கு முன்பு பிள்ளைகளுக்குக் கேள்வியும் பதிலும் சொல்லிக்கொடுத்துத் தயார் செய்வோம். ஒருமுறை ஆய்வுக்கு வந்தவர், இலை ஏன் பச்சையாக இருக்கிறது என்று முதல் வரிசைப் பெண்ணைக் கேட்க, அவள் எழுந்து நின்று வேரின் பயன்கள் அத்தனையையும் பிசகில்லாமல் ஒப்பித்தாள். அவள் தயார் செய்து வைத்திருந்தது அதுதான். அன்றைக்கு அந்த வேலிக் கயிற்றோரம் நின்றபோது அவள் நினைப்புதான் வந்தது எனக்கு.

பொங்கல் முடிந்ததும் நம் நாய் துரையை அழைத்துப்போக நாய்ப் பண்ணையிலிருந்து வண்டி வரும் என்று போன வாரம் சொன்னாய். "மூணு மாசத்துல சரி பண்ணிக் குடுத்துடுவாங்கம்மா, அடுத்த ஷோவுக்கு ரெடியாயிடுவான்" என்றாய். நான் "ம்" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய் போலிருக்கிறது. அது சம்மதம் இல்லை, கண்ணு. போனில் எனக்கு எப்போதுமே "ம்"முக்கு மேல் வருவதில்லை. அதற்குள் நீ அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதுகிறேன். உன்னைப் போலவே சாதி நாய் வாங்கி வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறவர்கள் இப்போது தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன் பெயரைப் போடாமல் எழுதுகிறேன்.

துரை வந்த புதிதில் நாங்கள் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடக்குத்து ஊரிலுள்ள இந்த வீட்டுக்கு வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. டவுன்ஷிப்பில் நம் வீட்டுக்கு முன்னால் தோட்டம், பின்னால் தோட்டம், வேலிக்கு அந்தப் பக்கம் மைதானம். இங்கே காம்பவுண்டுச் சுவருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். நீ அட்டைப்பெட்டியில் கொண்டுவந்து இறக்கினாய். ராஜபாளையம் குட்டி, பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. காதுக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தாய். வெள்ளை நாய்களில் சிலது பிறவியிலேயே செவிடாக இருக்குமாம். இவன் திரும்பிப் பார்த்ததும் உன் முகத்தில் வந்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. உங்கப்பா கட்டிலில் உட்கார்ந்தபடியே, "வெள்ளையாவும் கீறான், வேலையும் செய்யமாட்டான், வேளாவேளைக்கு முட்டை வேற. தொரைன்னு பேரு வெச்சுடு" என்றார். பதிவுச் சான்றிதழில் அவனுக்கு மூன்று வார்த்தையில் ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனும் திரும்பமாட்டான், எனக்கும் வாயில் நுழையாது.

அவனை வளர்ப்பதற்கு நீ சொன்னதையெல்லாம் அப்படியே செய்தேன். கேழ்வரகுக் கஞ்சியும் தயிரும் காலையில்; வேகவைத்த கோழி ஈரல் மாலையில். பூச்சி மருந்து, தடுப்பூசி எதையும் தள்ளிப்போட்டதில்லை. பழைய சாப்பாட்டு மேசை மேல் ரப்பர் விரிப்புப் போட்டு அதன்மேல் நிற்கவைத்துப் பழக்கினேன். முன்னங்கால் இரண்டும் நேராகத் தூண் மாதிரி, பின்னங்கால் கொஞ்சம் பின்னால் தள்ளி, கழுத்து உயர்ந்து, வால் தளர்ந்து. உதட்டைத் தூக்கிப் பல்வரிசையைக் காட்டினால் முகம் சுளிக்கக் கூடாது. ஆண் நாய்க்கு விரை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று நடுவர் தொட்டுப் பார்ப்பார், அதற்கும் அசையக் கூடாது. அதைப் பழக்க நான் பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும். கேஸ் சிலிண்டர் போடவரும் பையனிலிருந்து கொரியர்காரர் வரைக்கும் யார் வந்தாலும், "கொஞ்சம் இவனைத் தொட்டுட்டுப் போங்க" என்று கேட்டேன். அப்போதுதானே அந்நியர் கைக்குப் பழகும். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் படிக்காத பிள்ளை கிடையாது என்று நம்பி வாழ்ந்தவள் நான். துரையும் படித்தான். தன் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே "நில்" என்ற சொல்லைத் தெரிந்துகொண்டான்.

ஆனால் அவன் வெள்ளை. இந்த ஊரில் வெள்ளை என்பது காலையில் காயப்போட்ட வேட்டி மத்தியானம் என்ன நிறத்தில் இருக்கும் என்பதைப் பொறுத்தது. காற்று அனல்மின் நிலையத்துச் சாம்பலோடு அடிக்கிற நாளில் மொட்டைமாடியில் விரல் வைத்தால் ரேகை தெரியும். இரண்டு நாள் வாசலில் கட்டிப்போட்டேன். சாம்பல் பூனை மாதிரி ஆகிவிட்டான். நீ போனில் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, கலர் போச்சு. உள்ளேயே வெச்சுக்கோ. தெருவுல விட்டா தெருநாய் கடிச்சிடும், ஒரு தழும்பு வந்தா எல்லாம் போச்சு" என்றாய். அதற்கப்புறம் உள்ளேயே வைத்துக்கொண்டேன். ஜன்னலைச் சாத்தினேன். தூசி தங்குகிறது என்று தேங்காய்நார் விரிப்புகளைச் சுருட்டிப் பரண்மேல் போட்டேன். இரண்டு வேளை டைல்ஸைத் துடைத்தேன். முகம் பார்க்கலாம் போலத் தரை. அந்தத் தரையில்தான் அவன் வளர்ந்தான், அந்தக் கூடத்துக்குள். டிவி ஸ்டாண்டிலிருந்து ஃபிரிட்ஜ் வரைக்கும் போவான், சோபாவைத் தொட்டுத் திரும்புவான், சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபடி டிவி ஸ்டாண்டுக்கு வருவான். பக்கத்து வீட்டு மும்தாஜ் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏன் டீச்சர், மாப்பிள்ளைய வெளிய காட்டவே மாட்டீங்களா? எங்க வீட்ல பொண்ணுங்களையே இவ்ளோ பூட்டி வைக்கறதில்ல" என்பாள். "பொண்ணு பாக்க வர்றப்போ காட்டறேன்" என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

இதற்கெல்லாம் தூசியைக் காரணம் சொல்லலாம். பாதிதான் உண்மை. துரை வருவதற்கு முன்னால் நீ ஞாயிற்றுக்கிழமை பேசுவாய். அவன் வந்த பிறகு தினம் சாயங்காலம் வீடியோவில் வந்தாய். "நிக்க வைம்மா. பின்னங்கால் இன்னும் கொஞ்சம். ஆங். கழுத்தைத் தூக்கு. உன் கை மறைக்குது, தள்ளிக்கோ." நான் தள்ளிக்கொள்வேன். கேமராவுக்கு வெளியே குனிந்து நின்று அவன் முகவாயைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன். உன் குரல் மட்டும் எனக்குக் கேட்கும். இடுப்பு விண்ணென்று வலிக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் என் பிள்ளையின் குரல். அவன் அழகாக நின்றால் நீ இன்னும் கொஞ்சம் நேரம் இருப்பாய். ஆபீஸில் என்ன, கேன்டீனில் என்ன என்று இரண்டு வார்த்தை கூடுதலாக வரும். அசைந்தால் அலுத்துக்கொண்டு வைத்துவிடுவாய். அப்புறம் நான் அவனை அசையவிடுவேனா? அவன் எதற்காவது குதித்து ஓடி டைல்ஸில் வழுக்கினால், "நில்!" என்பேன். நின்றுவிடுவான். உங்கப்பா ஒருநாள் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, ஐஸ் மேல நடக்கறவன் மாரி வெரல விரிச்சிக்கினு நடக்கறான்?" என்றார். "குட்டி அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். நகம் தேயாமல் வளர்ந்து டக் டக்கென்று தரையில் கேட்டது, வெட்டிவிட்டேன். கூடத்தில் எனக்கு அது காலுக்குச் சலங்கை கட்டின மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

திருச்சியில் அவன் நின்றதைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. சுண்ணாம்பில் செய்து வைத்த மாதிரி நின்றான். பக்கத்தில் நின்ற நாய்களெல்லாம் துள்ளியதும் குரைத்ததுமாக இருக்க, நடுவர் பல்லைப் பார்த்து, முதுகைத் தடவி, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தும் இவன் இமைகூடக் கொட்டவில்லை. வேலிக் கயிற்றோரம் இருந்தவர்கள், "யாருது அந்த வெள்ளை?" என்று கேட்டார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். நீ கயிற்றைத் தளர்த்திக்கொண்டு ஓடினாய். துரை நாலு அடி வந்தான். புல் காலில் பட்டது. சுடுகல்லில் கால் வைத்தவன் மாதிரி ஒவ்வொரு காலாகத் தூக்கினான். நீ இழுத்தாய், அவன் நின்றுவிட்டான். அதுவும் எப்படி? முன்னங்கால் தூண் மாதிரி, பின்னங்கால் பின்னால் தள்ளி, கழுத்து உயர்ந்து. பயம் வந்தால் செய்வதற்கு அவனிடம் இருந்தது அது ஒன்றுதான். வேட்டைக்கு ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த சாதி அது, கண்ணு. நெஞ்சுக்கூட்டைப் பார்த்தாலே தெரியும். அதை நம்மிரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஷோகேஸ் பொம்மை ஆக்கி வைத்திருந்தோம்.

வரும்போது காரில், விருத்தாசலம் தாண்டி, "வழுக்கற தரைதான் காரணம்னு ஜட்ஜ் சொன்னாரும்மா. விரல் விரிஞ்சிருக்காம், மணிக்கட்டு இறங்கியிருக்காம். வயசு இருக்கு, சரியாயிடுமாம்" என்று மட்டும் சொன்னாய். என்னைக் குறை சொல்லவில்லை. அதற்காக உன்னை நினைத்துப் பெருமைப்பட்டேன். ஆனால் அந்த வாரத்திலிருந்து வீடியோ நின்றுபோனது. மறுபடி ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்குத் திரும்பினோம். சாயங்காலம் அந்த நேரமானால் துரை தானாகவே போய் மேசைக்குப் பக்கத்தில் நிற்பான். நான் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைப்பேன். இரண்டு பேரும் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்புறம்தான் நீ அந்தப் பண்ணையின் வீடியோவை அனுப்பினாய். சுத்தமான இடம், குறை சொல்லமாட்டேன். வரிசையாகக் கூண்டு, கூண்டுக்குக் கூண்டு மின்விசிறி, பெயர்ப்பலகை. கடைசியில் ஒரு அறையில் ஒரு டாபர்மேன் டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே பட்டை ஓடுகிறது, நாயும் ஓடுகிறது, எதிரே வெள்ளைச் சுவர். எவ்வளவு ஓடினாலும் சுவர் அங்கேயே இருக்கிறது. "பாத்தியாம்மா, தினமும் இப்படி ஓட வெச்சா தசை ஏறிடும். வெளியவே விட வேண்டாம், தூசி, தெருநாய் எந்தத் தொல்லையும் இல்ல" என்று குரல்செய்தி போட்டிருந்தாய். அதே வாரம்தான் உன் புது ஃப்ளாட்டைப் பற்றியும் சொன்னாய். உன் கல்யாணத்துக்கு அப்புறம் நாங்களும் அங்கேயே வந்துவிடவேண்டும், பதினான்காவது மாடி, கீழேயே மருந்துக்கடை, கோயில், நடப்பதற்கு ஒரு வராந்தா. "நீ வெளியவே போக வேண்டாம்மா." எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். அம்மாவுக்குக் கஷ்டமே இருக்கக் கூடாது என்றுதான் சொன்னாய், எனக்குத் தெரியாதா? நான் துரைக்கு ஜன்னலைச் சாத்தியதும் ஆசையால்தான். அதனால்தான் பயமாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் துரையைக் கூட்டிக்கொண்டு டவுன்ஷிப் மைதானத்துக்குப் போனோம். நம் பழைய வீட்டுக்குப் பின்னாலிருந்த அதே மைதானம். உங்கப்பா ஆட்டோக்காரரைப் பிடித்து, "தொரை கீறாரு, மெதுவா ஓட்டு" என்று சொல்லிக் கூட்டிவந்தார். ஆளில்லாத நேரம். கேட்டைச் சாத்திவிட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். துரை நின்றான். வழக்கம் போல, போட்டோவுக்கு நிற்பவன் மாதிரி. "போ" என்றேன். அந்தச் சொல் அவனுக்குத் தெரியாது. நாங்கள் ஓரத்துச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல நடக்க ஆரம்பித்தான். நேராகக் கொஞ்ச தூரம் போனான், திரும்பினான், குறுக்கே நடந்தான், மறுபடி திரும்பினான். அப்புறம் ஒரு இடத்தில் நேராகப் போகாமல், ஒன்றுமில்லாத வெற்றுப் புல்லை வளைத்துச் சுற்றிக்கொண்டு போனான். முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டாவது சுற்றிலும் அதே இடத்தில் வளைந்தான். அது சாப்பாட்டு மேசை, கண்ணு. டிவி ஸ்டாண்டிலிருந்து ஃபிரிட்ஜ், சோபா, மேசையைச் சுற்றி மறுபடி டிவி ஸ்டாண்டு. அவ்வளவு பெரிய மைதானத்தில் நம் கூடத்தின் அளவுக்குள் நடந்துகொண்டிருந்தான். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

உங்கப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வூட்டத் தூக்கிக்கினு வந்துட்டாண்டி உம் புள்ள" என்றார்.

கொஞ்சம் கழித்து அவரே, "நீ ஏன் இங்கயே குந்திக்கினு கீற? அந்தப் புங்கமரம் வரிக்கும் போய்ட்டு வாயேன், எவ்ளோ நாளாச்சு" என்றார். எழுந்தேன். சிமெண்டு முடிகிற இடத்தில் நின்றுவிட்டேன். புல்லில் இறங்க என்னவோ மாதிரி இருந்தது. பாம்பு இருக்கும், கால் பிசகும் என்று ஏதேதோ தோன்றியது. திருச்சிக்கும் கோழிக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் தவிர நான் வீட்டுக் கேட்டைத் தாண்டி எத்தனை நாளாகிவிட்டது என்று அங்கே நின்றுதான் நினைத்துப் பார்த்தேன். ரேவதி டீச்சர் மகள் கல்யாணத்துக்கு, "நாயை விட்டுட்டு வர முடியாது" என்று சொன்னேன். நெல்லிக்குப்பத்தில் உன் அத்தைக்கு ஆபரேஷன் நடந்தபோதும் அதையேதான் சொன்னேன். அந்த வாசகத்தைச் சொல்வது எனக்குச் சுலபமாகவும் சுகமாகவும் ஆகிவிட்டிருந்தது.

அதற்கப்புறம் தினமும் போகிறோம். நகம் தானாகத் தேய்கிறது, விரல் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, வெள்ளை பழுப்பாகிவிட்டது. ஆனால் அந்தக் கூடம் மட்டும் இடியவில்லை. ஈரலைக் காட்டி முன்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தேன்; நேராக வந்து என் எதிரில் தூண் மாதிரி நின்றான். கைதட்டினேன், நின்றான். பந்தை எறிந்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன், நின்றான். ஆனால் போன செவ்வாய்க்கிழமை ஒன்று நடந்தது. நல்ல காற்று. உங்கப்பாவின் துண்டு தோளிலிருந்து பறந்து மைதானத்துக்குள் ஓடியது. "அடச்சீ" என்று திட்டிக்கொண்டே அவர் அதன் பின்னால் ஓடினார். துரையைக் கூப்பிடவில்லை, அவன் இருப்பதையே மறந்துவிட்டார். துரை அவர் முதுகையே பார்த்தான். பார்த்துக்கொண்டிருந்தவன் கிளம்பினான். ஃபிரிட்ஜைத் தாண்டினான், கண்ணு. ஃபிரிட்ஜையும் சுவரையும் தாண்டி நாலு பாய்ச்சல். நெஞ்சு தரையை உரசுகிற மாதிரி நீண்டுபோனான். அப்படி ஒரு உடம்பு அவனுக்குள் இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் உங்கப்பாவுக்கு மூச்சு வாங்கி நின்று, இடுப்பில் கைவைத்துத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் தெரிந்ததும் துரை நின்றுவிட்டான். கழுத்து உயர்ந்தது, பின்னங்கால் பின்னால் போனது. அப்புறம் திரும்பி வந்து கூடத்துக்குள் நுழைந்துகொண்டான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்தேன். அவன் பிறந்ததிலிருந்து எல்லோரும் அவனை எதிரில் நின்றுதான் பார்த்திருக்கிறோம். மேசைக்கு முன்னால் நான், போனுக்குள் நீ, தொட்டுப் பார்க்க வந்தவர்கள், வளையத்தில் நடுவர். நம் முகம் தெரிந்தால் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவன் படித்த பாடம். அவனைப் பார்க்காமல் தன் வழியில் போகிற முதுகு ஒன்றை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தான். பண்ணையில் அவனுக்குத் தசை ஏறும், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் எதிரே சுவர், பக்கத்தில் அவனையே பார்த்துக்கொண்டு ஒரு ஆள். இந்தக் கூடத்தை விட்டு அந்தக் கூடத்துக்குப் போவான். அடுத்த கண்காட்சியில் அவன் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம். ஜெயித்துவிட்டால் அப்புறம் அவனை யாரும் வெளியே விடவே மாட்டார்கள்.

புதன்கிழமையும் உங்கப்பா துண்டை வேண்டுமென்றே பறக்கவிட்டு ஓடிப் பார்த்தார். மைன்ஸில் கான்ட்ராக்டாகவும் பர்மனென்டாகவும் அவர் இழுத்த தூசியெல்லாம் அந்த நெஞ்சில் இருக்கிறது. பத்தடிக்கு மேல் முடியவில்லை. திரும்பாமல் ஓடவேண்டும், மூச்சு வாங்காமல் ஓடவேண்டும், அவருக்கு இரண்டும் ஆகாது. என் முட்டியைப் பற்றி உனக்குத் தெரியும். நான் புங்கமரம் வரைக்கும் நடந்துவிட்டேன் என்பதே எனக்குப் பெரிய விஷயம். எங்கள் இரண்டு பேரின் முதுகும் அவனுக்குப் போதாது. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். வண்டிக்காரர்களுக்கு இப்போதே ஒன்றும் சொல்லவேண்டாம். சண்டை போடவும் நான் தயாராக இல்லை. நான் கீழே சொல்வதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் அவனை அனுப்பத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், நானே அவனை வண்டியில் ஏற்றிவிடுகிறேன்.

போகி அன்றைக்கே வந்துவிடு. ஷூவைக் காரிலேயே கழற்றிப் போடு. போனை உங்கப்பாவிடம் கொடு. மைதானத்து நடுவில் துரையின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவனைக் கூப்பிடாமல், கைதட்டாமல், அந்தப் புங்கமரத்தைப் பார்த்து ஓடு. பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்காதே.